கீழ்ப்பாதி

சான் லாசரோ
2 ஜூன் 1974

அன்புத் தம்பி லிப்ராதோவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாயா என்று முதலில் எழுது. போன கடிதத்திலும் கேட்டேன். அந்த வரி மட்டும் உன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் வரைதான். கிணற்றுக் கயிற்றுக்கு இன்னும் இரண்டு முழம் ஒட்டுப்போட்டேன். பூசணிக் கொடியைக் கருகவிட்டுவிட்டேன்; மாதுளைக்கும் மிளகாய்ச் செடிக்கும் மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறேன். பத்து மணிக்கு மேல் சில்வண்டைத் தவிர வேறு யாரும் வாய் திறப்பதில்லை. நானும் பேச ஆள் இல்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

விதைகளை வெயிலில் காயவைத்துவிட்டேன். அறுபது நாள் மக்காச்சோளம் ஒரு மூட்டை, வெள்ளைப் பயறு அரை மூட்டை. புழு இல்லை. கோவேறு கழுதைக்கு லாடம் அடித்தாயிற்று. நீ ஒருவன்தான் பாக்கி. அப்பா போனதிலிருந்து பதினெட்டு வருஷம், மழைக்கு நீ வராமல் இருந்ததில்லை. நான் ஏர் பிடிக்க, நீ பின்னால் விதை போட்டுக் காலால் மூடிக்கொண்டு வர, இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும். ஏர் பிடித்தவருக்கு வயலின் மேல்பாதி, காலால் மூடியவருக்குக் கீழ்ப்பாதி. ஊர் வழக்கம் அது. கீழ்ப்பாதியை எவன் கால் மூடுகிறதோ அவனுக்குத்தான் அதன் விளைச்சல். உன் கால் மூடிய விதையைக் காக்கை கிளறி நான் பார்த்ததில்லை.

லீவுக்கு இப்போதே சொல்லி வை. கடைசி நேரத்தில் முதலாளி முகத்தைச் சுளித்தான் என்று எழுதாதே.

உன் அக்கா,
தோமித்திலா


மெஹிகாலி
14 ஜூன்

அக்காவுக்கு லிப்ராதோ எழுதுவது,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். நான் நலம். மாத்திரை போடுகிறேன், போடுகிறேன், போடுகிறேன். மூன்று தடவை எழுதிவிட்டேன், இந்த வருஷத்துக்குப் போதும்.

இங்கே இருக்கிற சூட்டுக்கு உன் வெயில் மார்கழி மாதிரி. தகரக் கூரைக்குக் கீழே ரொட்டி சுடலாம். பன்றிக் கொழுப்பு வந்த காலி டின்னில் மண் போட்டு ஒரு தக்காளி வைத்தேன். பூக்கிறது. மறுநாளே உதிர்ந்துவிடுகிறது. நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல ஜூன் மாசம் தக்காளி வச்ச மொத ஆளு நீங்கதான்" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிற வேலை. வயதுக்கு மரியாதை என்று வைத்துக்கொள்.

மேகம் கிழக்கு மலைக்கு மேல் கட்ட ஆரம்பித்ததும் எழுது. எந்தப் பக்கம் காற்று, எறும்பு இறக்கை கட்டியதா, எல்லாவற்றையும் எழுது. இங்கே வானம் வெறும் வெள்ளை.

வருவதைப் பற்றி மழை வரட்டும், பார்க்கலாம்.

உன் தம்பி,
லிப்ராதோ


சான் லாசரோ
26 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இடுப்புதான் கொஞ்சம் பிடித்திருக்கிறது, காரணம் கீழே வருகிறது. நீ உட்கார்ந்து வேலை பார்ப்பதாக எழுதியிருந்தாய். உட்கார்ந்தே தேய்ந்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கொஞ்சம் நட.

முந்தாநாள் புனித யோவான் திருநாள். விடியலில் பெண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போனோம். தலை முழுக எங்கே தண்ணீர் இருக்கிறது? மணலில் உட்கார்ந்து சுரைக்குடுக்கையால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். சாமியின் சுரூபத்தைக் கொண்டுவந்து பாதத்தை நனைத்தார்கள். வானம் ஒரு பொட்டு மேகம் கூடக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கோடாலியை எடுத்தேன். மாதுளைக்கு இது ஆறாவது வருஷம், ஒரு பிஞ்சு நிற்கவில்லை. காய்க்காத மரத்தை யோவான் திருநாளில் மிரட்டினால் காய்க்கும் என்பார்களே, அதை மிரட்டியே தீருவது என்று இருந்தேன். நேர் எதிரில் நின்று, "உனக்குத் தண்ணி சுமந்து சுமந்து என் இடுப்பு போச்சு. ஒரு காய் குடுத்தியா நீ? இன்னைக்கு உன்னை அடியோட சாய்க்கிறேன் பாரு" என்று கத்தி, கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று அடி போட்டேன். நாலாவதற்கு ஓங்கின பிறகுதான் உறைத்தது. வெட்டாதே என்று மரத்துக்காகப் பேச ஒரு ஆள் வேண்டுமே. போன வருஷம் வரை எதிர்வீட்டு மார்சியானா பேசுவாள். அவள் மகனோடு எர்மோசியோ பட்டணத்துக்குப் போய்விட்டாள். பேச ஆள் இல்லை என்றால் வெட்டித்தான் ஆகவேண்டும், சொன்ன சொல் சொன்னதுதான். ஓங்கின கையோடு நிற்கிறேன் தம்பி. கை கடுக்கிறது. கீழே போடவும் முடியவில்லை, வெட்டவும் மனசு வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "விட்டுடும்மா. இந்த வருஷம் காய்க்கும். நான் பொறுப்பு."

எவரிஸ்தோ. என் பூசணியை அவர் ஆடு தின்ற நாளிலிருந்து ஆறு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத அதே எவரிஸ்தோ.

"உங்க ஆட்டுக்கு யாரு பொறுப்பு?" என்றேன்.

"ஆடு செத்து மூணு வருஷமாச்சும்மா" என்றார்.

எனக்குத் தெரியாது. ஒரே சுவர்தான் நடுவில், எனக்குத் தெரியாது. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு ஒரு குவளை காப்பி கொடுத்தேன், சுவருக்கு மேலேயே.

கிழக்கே பகலில் மேகம் தலைகாட்டிவிட்டுப் போகிறது. பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வை.

தோமித்திலா


மெஹிகாலி
6 ஜூலை

அக்கா,

நலம், நலமறிய ஆவல்.

இனிமேல் விளையாட்டுக்குக்கூட அந்த மரத்தின் முன்னால் கோடாலியைத் தூக்காதே. காய்த்தால் காய்க்கட்டும், இல்லாவிட்டால் நிழல் இருக்கிறதே. எவரிஸ்தோ வாய் திறந்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பாய்? வெட்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அவருக்கு என் நன்றியைச் சொல்.

தக்காளி போய்விட்டது.

லிப்ராதோ


சான் லாசரோ
11 ஜூலை

தம்பி,

மழை. குசலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

ஞாயிறு மதியம், மழைக்கு முன்னால் காட்டில் மணக்கிற நாறிச்செடியின் வாசனை முதலில் வந்தது. கொடியில் கிடந்த துணியை எடுப்பதற்குள் புழுதி சுவர்போல எழுந்து வந்து கண்ணை மூடியது. பிறகு நாலு பெரிய துளி, ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை, அப்புறம் கொட்டிற்று. கூரைத் தண்ணீரைப் பிடிக்க அண்டா, வாளி, சோற்றுப் பானை எல்லாம் வைத்தேன். எல்லாம் நிரம்பி வழிந்தது. ஓடையில் முதல் வெள்ளம் கட்டையும் செத்தையும் உருட்டிக்கொண்டு வந்து நம் வயலில் ஏறி, விரல்கடை உயரத்துக்கு வண்டலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தேரைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்து போடுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. பருப்புக்கீரை மூன்றே நாளில் கிள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

செவ்வாயிலிருந்து மேல்பாதியில் நானே ஏரும் பிடித்து, நிறுத்தி, திரும்பி வந்து விதையும் போட்டு, காலாலும் மூடுகிறேன். உன்னோடு ஒரு நாளில் முடிகிற வேலைக்கு எனக்கு மூன்று நாள். ஆனாலும் மூடிவிட்டேன். என் கால் உன் கால் இல்லை; இரண்டு காக்கை வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போயின.

கீழ்ப்பாதியைத் தொடவில்லை. அது உன்னுடையது. வண்டல் அங்கேதான் அதிகம், பிடித்தால் கையில் வெண்ணெய் மாதிரி. சந்தியாகப்பர் திருநாளுக்குள் விதைத்தால் போதும், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நீ பணமும் கொண்டுவர வேண்டாம், துணியும் கொண்டுவர வேண்டாம். அந்த இரண்டு காலையும் கொண்டுவா, போதும்.

ஏன் ஒவ்வொரு கடிதத்திலும் மழுப்புகிறாய்? அங்கே யாராவது உனக்குக் கால்கட்டுப் போட்டுவிட்டாளா? இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. நான் ஒன்றும் கடித்துவிடமாட்டேன்.

உன்னை எதிர்பார்த்து,
அக்கா


மெஹிகாலி
21 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வீட்டுக்காரம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தேரை சத்தம் வரும் இடத்தில், "இங்கயும் கேக்குது" என்றாள்.

கால்கட்டு ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் யார் கட்டப்போகிறார்கள்?

லீவு இந்த மாதம் கிடைக்கவில்லை. சூடு அதிகம், ஐஸுக்குக் கிராக்கி, ஆள் குறைவு. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒருவேளை முடியும். அக்கா, ஒரு யோசனை. எவரிஸ்தோ சும்மாதானே இருக்கிறார்? கீழ்ப்பாதியை இந்த ஒரு வருஷம் அவரையே மூடச் சொல். விளைச்சல் அவருக்கே போகட்டும். ஈரம் காய்ந்துவிடக் கூடாது.

லிப்ராதோ


சான் லாசரோ
1 ஆகஸ்டு

லிப்ராதோ,

நான் சாகவில்லை, நன்றாக இருக்கிறேன்.

உன் பங்கை மூட ஊரான் காலா? எவரிஸ்தோ நல்லவர்தான். கேட்டால் வருவார். ஆனால் ஒரு தடவை இன்னொருவன் கால் பட்டுவிட்டால் அடுத்த வருஷம் ஊர் என்ன சொல்லும்? லிப்ராதோ விட்டுவிட்டான், இனி வரமாட்டான் என்று சொல்லும். அதை என் வாயால் நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சந்தியாகப்பர் திருநாள் போய்விட்டது. பயறு மட்டுமாவது போடலாம், பதினைந்தாம் தேதி வரை தாங்கும். இரண்டாவது மழையும் மூன்றாவது மழையும் வந்துவிட்டன. ஒவ்வொரு பஸ் வரும்போதும் கடைத்தெருவில் போய் நிற்கிறேன். டிரைவர், "யாரையும்மா தேடுறீங்க?" என்று கேட்டான். உப்பு வாங்க வந்தேன் என்றேன். வீட்டில் இப்போது நாலு படி உப்பு இருக்கிறது.

தோமித்திலா


சான் லாசரோ
17 ஆகஸ்டு

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன தடவை சுருக்கென்று எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல செய்தி. கீழ்ப்பாதியையும் விதைத்துவிட்டேன். முழுவதும். நானே ஏர், நானே கால். உன் பேரில்தான் மூடினேன், ஊருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அதனால் நிலத்தைப் பற்றி இனி நீ ஒன்றும் நினைக்க வேண்டாம். வர முடியாவிட்டால் பரவாயில்லை.

மேல்பாதிச் சோளம் இடுப்புக்கு வந்துவிட்டது. தர்பூசணிப் பூவில் வண்டு மொய்க்கிறது. மாதுளை இரண்டாவது தடவை பூத்திருக்கிறது, எவரிஸ்தோ தினமும் வந்து எண்ணுகிறார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


மெஹிகாலி
30 ஆகஸ்டு

அக்கா,

நிலம் முழுவதும் விதைத்தாயிற்று என்று எழுதினாய். இனிமேல் சொல்லலாம். முன்பே சொல்லியிருந்தால் நீ மழையையும் விட்டுவிட்டு, விதையையும் விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பாய். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வலது கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏப்ரலில்.

ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு ஆணி ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. நாள் முழுவதும் ஐஸ் கட்டிக்கு நடுவில் நிற்பவனுக்குக் கால் மரத்துப்போவது புதிதா? எத்தனை நாள் அப்படி நடந்தேனோ. கழற்றிப் பார்த்தபோது நிறம் மாறியிருந்தது. மாத்திரையும் போடவில்லை அக்கா. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல."

"பொண்டாட்டி, புள்ளை?"

"இல்லைங்க."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினார். நல்ல மனிதர்தான். பேனாவைத் துடைத்துக் கொடுத்தார்.

நீ மாதுளை மரத்தைப் பற்றி எழுதியதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த அறையில் ஒரு ஆள், யாராவது ஒரு ஆள் நின்று, "விட்டுடுங்க டாக்டர், இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்று சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது, விட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்றார்கள். ஆனாலும் யாராவது சொல்லியிருக்கலாம் அக்கா.

சீட்டுக் கிழிக்கிற வேலை என்று எழுதியது பொய். வேலை இல்லை. வீட்டுக்காரம்மா கஞ்சி கொடுக்கிறாள். கட்டைக்கால் ஜூலையில் தருகிறோம் என்றார்கள், பிறகு ஆகஸ்டு என்றார்கள். அதை மாட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நின்றுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். கட்டைக்காலால் மண் மூட முடியுமா என்று அறைக்குள் அக்குளில் ஊன்றும் கவைக்கோலை வைத்துச் செய்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் ஒன்றும் தெரியவில்லை.

நீ என் பேரில் மூடினாய் என்று எழுதியது எனக்குப் போதும். அந்தப் பாதி பச்சையாக நிற்பதை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

லிப்ராதோ


சான் லாசரோ
9 செப்டம்பர்

என் தம்பிக்கு,

கடிதம் காலையில் வந்தது. முதலில் திட்டிவிடுகிறேன். மடையா. ஐந்து மாதம். உன்னோடு கூடப் பிறந்தவள் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது "யாரும் இல்ல" என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? நான் வந்து அந்த டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருப்பேன். அவர் கேட்காவிட்டாலும் கெஞ்சியிருப்பேன். அதைச் செய்யும் உரிமையை நீ எனக்குக் கொடுக்கவில்லை.

இனி என் பங்கு. இரண்டு காலையும் கொண்டுவா என்று எழுதினேன். கால்கட்டு என்று கேலி செய்தேன். சாயங்காலம் நடக்கச் சொன்னேன். நான் எழுதியது ஒவ்வொன்றும் காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அந்தக் கடிதங்களை நீ வைத்திருந்தால் அடுப்பில் போட்டுவிடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கீழ்ப்பாதியில் விதை விழவில்லை. நான் எழுதியது பொய். நீ பதில் போடாமல் இருந்தது, நான் நிலம் நிலம் என்று நச்சரித்ததால்தான் என்று நினைத்தேன். விதைத்துவிட்டேன் என்று சொன்னால் பயம் விட்டு எழுதுவாய் என்று சொன்னேன். எழுதிவிட்டாய். ஆனால் நீ படுக்கும்போது நினைத்துக்கொள்கிற பச்சை, பயறு இல்லை, தண்டுக்கீரை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து விதை கொட்டிக்கொண்டிருக்கிறது. பதினைந்தாம் தேதி வரை உனக்காக வைத்திருந்தேன், அதற்குப் பிறகு ஈரம் போய்விட்டது. எவரிஸ்தோ இரண்டு தடவை வந்து, "நான் மூடட்டுமாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். ஊர் என்னைக் கிறுக்கி என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

மழை முடிந்துவிட்டது. மேகம் வருகிறது, மலையோடு திரும்பிவிடுகிறது. மேல்பாதிச் சோளம் முற்றிவிட்டது, பத்து நாளில் ஒடித்துவிடுவேன். சோளத்துக்கு நடுவில் போட்ட பயறை எவரிஸ்தோ பார்த்துக்கொள்வார். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். எர்மோசியோவைத் தாண்டி நான் போனதில்லை, உனக்கே தெரியும். உன் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைக்குள் தைத்துவிட்டேன். உப்புக்கண்டமும் பயறும் கொண்டுவருகிறேன். எத்தனை நாள் தங்குவேன் என்று கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவேன். கதவு தட்டும் சத்தம் கேட்டால் அவசரப்பட்டு எழுந்து வருவாய், உன்னை எனக்குத் தெரியும். எழுந்து வராதே. தாழ்ப்பாள் போடாமல் வை. நானே தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன்.

உன் அக்கா,
தோமித்திலா